பேப்பர் ரேட், மைனஸ் ரேட்

எண்பதுகளின் நடுவில் சேலத்தில் நாங்கள் அரசியல் அறிவியல் முதுகலை படித்தபோது, தேசியப் பாதுகாப்பு என்ற தாளில் நாட்டுக்கு எதிரிகள் இரண்டே பேர். மேற்கே ஒருவர், வடக்கே ஒருவர். இருவரையும் ஆளுக்கு இருபது மதிப்பெண்ணில் சமாளித்துவிட்டால் மிச்சத்தை அணிசேராக் கொள்கை பார்த்துக்கொள்ளும். இமயமலைக் கணவாய்களின் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். ஏற்காட்டைத் தாண்டி ஒரு மலையைப் பார்த்தவன் வகுப்பில் கிடையாது. துப்பாக்கியும் சீருடையுமாக ஆட்கள் காவல் நிற்பதை நாங்கள் பார்த்ததெல்லாம் இரும்பாலை வாசலில்தான். 1970-இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டி, 1981-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை. உள்ளே என்ன ரகசியமோ என்று வாய் பிளந்து நிற்போம். ரகசியம் கடைசியில் எவர்சில்வர் டம்ளராக வீட்டுக்கே வந்தது.

எங்கள் பேராசிரியர் தங்கமான மனிதர். கியூபா ஏவுகணை நெருக்கடியைப் பற்றி கிரஹாம் அலிசன் 1971-இல் எழுதிய புத்தகத்தை எங்கிருந்தோ வரவழைத்து, பழுப்பு அட்டை போட்டு, ஒருவருக்கும் இரவல் தராமல் வகுப்பில் மட்டும் பிரிப்பார். அரசாங்கம் எப்படி முடிவெடுக்கிறது என்று பார்க்க மூன்று கண்ணாடி உண்டு என்பது அதன் சாரம். முதல் கண்ணாடியில் அரசாங்கம் ஒரே ஆள். லாப நஷ்டம் கூட்டிக் கழித்துப் பார்த்து முடிவெடுப்பார். இரண்டாவதில் அரசாங்கம் என்பது ஏகப்பட்ட இலாகா. எந்த ஆபத்து வந்தாலும் ஒவ்வொன்றும் தனக்குப் பழகின வேலையைத்தான் செய்யும். மூன்றாவதில் தெரிவது நாற்காலிகள். உட்கார்ந்திருப்பவர்களின் பேரத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான் கொள்கை. இரண்டாவது கண்ணாடிக்கு அவர் சொன்ன உதாரணம் இன்னும் மறக்கவில்லை. 1962-இல் ரஷ்யர்கள் கியூபாவில் பரம ரகசியமாக ஏவுகணைத் தளம் கட்டினார்கள். ஆனால் சொந்த நாட்டில் எந்த அமைப்பில் கட்டுவார்களோ அதே அமைப்பில் கட்டியதால், விமானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்த அமெரிக்கர்களுக்கு அடையாளம் சொல்ல ஆள் தேவைப்படவில்லை.

"நம்மூர் ஆபீஸ் மாதிரியேங்க சார்" என்றான் ஆத்தூர்ப் பையன் ஒருவன். அந்த வருடத்தில் அந்தப் புத்தகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் இப்படிக் கியூபாவில் குடியிருந்த அதே ஆண்டுகளில், சேலம் மாவட்டத்திலேயே, மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கத்தில் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்துகொண்டிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி தருவதென்று டெல்லியில் எடுத்த முடிவு. வெளியே கேட்டால் அப்படி எதுவும் இல்லை என்பதே அரசாங்கத்தின் பதில். கொளத்தூர் பஸ்ஸில் கூடையோடு ஏறும் அம்மாக்களுக்குத் தெரியும். மேட்டூரிலிருந்து தினம் வந்துபோன எங்கள் வகுப்புப் பையன்களுக்குத் தெரியும். பாடத்திட்டத்துக்கு மட்டும் தெரியாது. 1987 ஜூலையில் ராஜீவ் - ஜெயவர்த்தனா ஒப்பந்தம் வந்தது. அமைதி காக்கப் போன படை, பயிற்சி பெற்றவர்களோடே சண்டை போட்டது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் கொலை. 1992 மே மாதம் தடை உத்தரவு. ஒரு கொள்கை பிறந்து, வளர்ந்து, தலைகீழாகப் புரண்டு முடிய ஒன்பது வருடம்கூட ஆகவில்லை. அரசுகள் பாதுகாப்புக் கொள்கை எப்படி வகுக்கின்றன என்று படிக்க இதைவிட நல்ல ஆய்வுக்கூடம் உலகத்தில் எங்கே கிடைக்கும்? டவுன் பஸ் போகிற தூரம். பரீட்சையில் எங்களுக்கு வந்த கேள்வி, 'பஞ்சசீலக் கொள்கையை விளக்குக.'

இந்தப் படிப்பைப் பற்றி என் தாய்மாமாவுக்கு அப்போதே ஒரு சந்தேகம் இருந்தது. அவருக்கு நாமக்கல்லை அடுத்த புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை. கிணறும் நிலக்கடலையும் சேர்ந்து கைவிட்டபின் கோழிக்கு மாறிய தலைமுறை.

"என்றா மாப்ளே படிக்கற?"

"பாதுகாப்புக் கொள்கைங்க மாமா."

"யாரோட பாதுகாப்பு?"

"நாட்டோடதுங்க."

"நாட்டுக்கு என்ன வந்துச்சு, நல்லாத்தான இருக்குது" என்று சொல்லிவிட்டு, வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கலக்கப் போய்விட்டார்.

நாமக்கல் வட்டாரத்தில் முட்டைக்கு இரண்டு விலை. 1982-இல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது எங்கள் ஊர்க்காரர்கள் வாயில் 'நெக்', அறிவிக்கிற விலை பேப்பரில் வரும். அது பேப்பர் ரேட். பண்ணை வாசலுக்கு லாரியோடு வரும் வியாபாரி அதிலிருந்து இருபது பைசாவோ முப்பதோ கழித்துக்கொண்டுதான் எடுப்பார். அது மைனஸ். புரட்டாசி பிறந்தால் மைனஸ் கூடும், ஐயப்பன் சீசனில் இன்னும் கூடும். மைனஸை ஒழிக்கிறோம் என்று அவ்வப்போது கூட்டம் போட்டு அறிவிப்பார்கள். அந்த அறிவிப்புக்கும் ஒரு மைனஸ் உண்டு. பண்ணைக்காரர் குடித்தனம் நடத்துவது மைனஸ் போக மிஞ்சுவதில்.

அலிசனின் மூன்று கண்ணாடியோடு இதை நாலாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றி வெகுகாலம் ஆகிறது. அதே தாளைப் பிறகு நானே கல்லூரியில் நடத்தும்படி ஆனதால், எந்தக் கொள்கை வந்தாலும் பேப்பர் ரேட் என்ன, மைனஸ் என்ன என்று பார்க்கிற புத்தி வந்துவிட்டது. தேசியப் பாதுகாப்புக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-இல் வி.பி. சிங் அரசாங்கம் அமைத்தது. ஒரே ஒரு தடவை கூடியது. 1998 நவம்பரில் வாஜ்பாய் அரசாங்கம் மறுபடி அமைத்தது. அடுத்த கோடையில் கார்கில். போர் முடிந்த கையோடு ஆய்வுக் குழு, தலைவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி, நம் நாட்டில் இந்தத் துறையையே ஒரு படிப்பாக்கியவர்களில் முதல்வர். குழு சில மாதத்தில் அறிக்கையை முடித்துக் கொடுத்தது. 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைத்தபோது, இடையிடையே சில பகுதிகளை வெட்டித்தான் வைத்தார்கள். 2001-இல் அமைச்சர்கள் குழு ஒன்று, முப்படைக்கும் சேர்த்து ஒரு தலைமை வேண்டும் என்று எழுதியது. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தது 2020 ஜனவரி முதல் தேதி. முதலில் உட்கார்ந்த ஜெனரல் பிபின் ராவத், 2021 டிசம்பரில் நம் குன்னூர் அருகே ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அடுத்தவர் பதவியேற்க ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது. அவசரம் அவசரம் என்று பேசுகிற துறையில் மைனஸ் பைசாவில் போகாது, வருடத்தில்தான் போகும்.

இதற்கிடையே 1994-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கை, பாதுகாப்பு என்பது எல்லைக்கோடு மட்டுமல்ல, சோறும் உடல்நலமும் சுற்றுச்சூழலும் அதில் சேர்த்தி என்று எழுதியது. எங்கள் பாடத்திட்டத்துக்குள் அது நுழையக் கொஞ்ச காலம் பிடித்தது. அதற்குள் 1997-இல் ஹாங்காங்கில் பறவைக்காய்ச்சல் மனிதர்களுக்குத் தொற்றி ஆறு பேர் இறந்து, ஊரில் இருந்த கோழிகளையெல்லாம் கொன்று தீர்த்தார்கள். வகுப்பில் இரண்டு வரி சொல்லிவிட்டு நான் மறுபடி கணவாய்களுக்குப் போய்விட்டேன்.

2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் அந்த நோய் உறுதியானது. இந்தியாவில் அதுவே முதல் தடவை. நாமக்கல்லிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிற ஊர். நாமக்கல்லில் ஒரு கோழி தும்மவில்லை. ஆனால் முட்டை விலை பாதாளத்துக்குப் போனது, ஏற்றுமதி நின்றது, முட்டை அட்டை மேல் அட்டையாக ஏறிக் குடோன் கூரையைத் தொட்டது. ஊர் ஊராக மேடை போட்டுப் பெரிய மனிதர்கள் கோழிக்கறி தின்று காட்டினார்கள். ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கையில் பிரியாணிக்கும் இடமுண்டு என்று எந்த அமெரிக்கப் பேராசிரியரும் எழுதியதாகத் தெரியவில்லை.

மாமாவின் பண்ணையில் உட்கார்ந்து அந்த நாட்களில் நான் கற்றதுதான் கொள்கை. நோய் தென்பட்டால் மாதிரி எடுத்துப் போபாலில் இருக்கும் உயர்பாதுகாப்பு ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். உறுதியானால் அந்த இடத்தைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் இருக்கும் கோழி, வாத்து எல்லாவற்றையும் கொன்று புதைக்கவேண்டும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. கொல்வதுதான் வழி. அரசாங்கம் கொன்ற கோழிக்கு இழப்பீடு உண்டு, மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. முதல் கண்ணாடியில் பார்த்தால் குறையே இல்லாத திட்டம்.

மாமா இதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒரே ஒரு விவரம் கேட்டார்.

"நோவு வந்து தானா செத்த கோழிக்கு?"

"அதுக்கு இல்லைங்க மாமா. கவர்மெண்டு கொல்றதுக்குத்தான்."

"அப்ப மொதல் நாளே போய்ச் சொன்னாத்தான் காசு. சரி. சொன்னா மூணு கிலோமீட்டருக்குப் பக்கத்துப் பண்ணை கோழியெல்லாம் போயிரும். அவனுக்குப் பொண்ணு குடுத்திருக்கறேன். சொல்லுவனா?"

இந்தக் கேள்வி எங்கள் பாடப்புத்தகம் எதிலும் இல்லை. புதுச்சத்திரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ரோட்டோரம் நின்று பார்த்தால் தெரியும், ஒரு பண்ணையின் கூரை முடியுமிடத்தில் அடுத்ததன் வேலி. வட்டம் ஒன்று போட்டால் அதற்குள் லட்சக்கணக்கான கோழி, ஐம்பது சம்பந்தி. பின்னாளில் டெல்லியில் திட்டத்தைத் திருத்தி, கொல்லும் வட்டத்தை 1 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். அனுபவத்தில் கற்றுத் திருத்துவது நல்ல கொள்கைக்கு அடையாளம் என்று வகுப்பில் சொன்னேன். "ஒண்ணுக்குள்ளயும் சம்பந்தி இருக்கறான்" என்றார் மாமா.

ஆனாலும் பண்ணை மாறியது. முன்பெல்லாம் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு யார் வேண்டுமானாலும் கொட்டகை வரைக்கும் போகலாம். வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டுக் கோழியைத் தூக்கி எடை பார்ப்பார்கள். இப்போது இரும்புக் கேட். கேட்டுக்கு உள்ளே சிமெண்டுத் தொட்டியில் ஊதா நிறத்துத் தண்ணீர். லாரி அதில் சக்கரம் நனைத்துத்தான் ஏறவேண்டும். ஆளுக்குத் தனியாக ஒரு பேசின். பக்கத்தில் கயிற்றில் கட்டிய பேனாவோடு நோட்டு: பெயர், வண்டி எண், கடைசியாகப் போன பண்ணை. அந்த மூன்றாவது கட்டத்தில் எல்லாரும் 'இல்லை' என்று எழுதியிருப்பார்கள். தீவன லாரிக்காரர் ஒரே நாளில் ஏழு பண்ணை சுற்றுகிறவர், அவரும் 'இல்லை'தான். பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த மாமா தன் பண்ணைக்குள் நுழையத் தானே கால் நனைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன். வேட்டி நுனியில் ஊதாக் கறை போகவே போகாது.

2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்கு நோய் வந்தபோது, மாநில எல்லையில் மருந்தடிப்பு தொடங்கியது. நம் முட்டைக்குக் கேரளம் பெரிய சந்தை; லாரி போகாமலும் முடியாது, போன லாரி திரும்பாமலும் முடியாது. தெரிந்தவர் முட்டை லாரியில் ஒருமுறை கூடப் போனேன். பெயர் சொல்ல வேண்டாத ஒரு சோதனைச் சாவடி. முதுகில் தெளிப்பானோடு ஒரு தம்பி வந்து நான்கு டயருக்கும் பயபக்தியோடு மருந்தடித்தார். லாரிக்கோ பத்து டயர். டிரைவர் மறுபக்கம் செருப்போடு இறங்கி, ரோட்டைக் கடந்து, டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு அதே செருப்போடு ஏறினார். நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது கண்ணாடி, துடைக்கக்கூட வேண்டாம், பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கொடுத்திருந்த மருந்து நான்கு டயருக்குத்தான் காணும்.

2020-இல் எதிரி இன்னும் நூதனமாக வந்தான். கோழி தின்றால் கொரோனா வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம். நோய்கூட இல்லை, வெறும் படம். அப்படி எதுவும் இல்லை என்று மத்திய கால்நடைத் துறை எழுத்திலேயே அறிவித்தது. எழுத்தில் வந்ததால் யாரும் நம்பவில்லை. 2006-இல் நடந்த அதே கூத்து. இந்தத் தடவை நவாப்பூர்கூடத் தேவைப்படவில்லை. மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். மனிதர்களை வீட்டில் இருக்கச் சொன்ன உத்தரவு மக்காச்சோள லாரிகளையும் நடுவழியில் நிறுத்திவிட்டது. தீவனத்துக்கு விலக்கு உண்டு என்று தனியாகத் திருத்தம் வந்தது. திருத்தம் செக்போஸ்ட் வரை வந்து சேரும்வரை கோழிகளுக்கு யார் விளக்கம் சொல்வது?

எங்கள் வட்டாரத்தில் இதுபோல இன்னும் எத்தனையோ. தென் மாநிலங்களில் சமையல் எரிவாயு சுமக்கும் டேங்கர் லாரி உரிமையாளர் சங்கத்துக்கு நாமக்கல்தான் தலைமையிடம். 2025 மார்ச் கடைசியில் புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து அவர்கள் வண்டியை நிறுத்தியபோது, எரிசக்திப் பாதுகாப்பு என்பது வளைகுடாவில் மட்டும் இல்லை, வள்ளிபுரம் லாரிப் பட்டறையிலும் இருக்கிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். சேலமோ இப்போது பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் ஒரு கண்ணி. 2018 பட்ஜெட்டில் அறிவித்து, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைத்தார்கள். சென்னை, ஓசூர், கோவை, திருச்சி, சேலம். அன்று ஆலை வாசலில் வாய் பிளந்து நின்றவர்களில் ஒருவனுக்கு இன்று லேத் பட்டறை. விமான உதிரிபாகத்துக்கு விலைப்புள்ளி கேட்டார்கள் என்று அவன் சொன்ன நாளில் டீக்கடையில் எங்களுக்கெல்லாம் அவன்தான் காசு கொடுத்தான். ஆர்டர் வந்ததா என்று இதுவரை நாங்கள் கேட்கவில்லை, நட்பு முக்கியம்.

மாமாவுக்கு எண்பது ஆகிறது. போன வருடம் அவருக்கு ஒரு போன். மும்பையிலிருந்து சிபிஐ, உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக்கூடாது. மாமா மரியாதையாகவே பேசியிருக்கிறார். "கைது பண்ணீட்டீங்கன்னா நேர்ல வாங்க சாமி. கேட்டுல கால நனைச்சுட்டு, நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு உள்ள வாங்க." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்களாம். 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லவேண்டும் என்று பேத்தி சொன்னதற்கு, "பணம் போயிருந்தாத்தான அம்முணி புகாரு" என்றார். அரசாங்கம் இணையக் குற்றத்துக்கு வகுத்த கொள்கைகளில் இந்தக் கால் நனைக்கும் யோசனை இல்லை.

பேத்தி இப்போது சென்னையில் பொதுக்கொள்கை முதுகலை படிக்கிறாள். நவீனப் பாதுகாப்புச் சவால்களில் அரசின் கொள்கை உருவாக்கம் என்பதில் ஆய்வேடு. எங்கள் பேராசிரியர் பழுப்பு அட்டை போட்டுக் காத்த அலிசன் அவள் போனில், திருத்திய இரண்டாம் பதிப்பு, வேறு ஐந்நூறு புத்தகங்களோடு சும்மா கிடக்கிறது. ஒரு விஷயம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு வியூகம் என்று ஒரே ஆவணம் உண்டா, படிக்கலாமா என்று அன்று நாங்கள் கேட்டோம். அது ரகசியமாக இருக்கும் என்றார் பேராசிரியர். அவளும் தேடிவிட்டு என்னிடம் கேட்டாள். தயாராகிறது என்று செய்தி வரும், வெளியானதில்லை என்றேன். "அப்ப எதை வெச்சு மாமா கொள்கையப் படிக்கறது?" என்றாள். கோழியை வைத்து என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன், அவள் தலைப்பையே மாற்றிக்கொண்டு பறவைக்காய்ச்சலுக்கு வந்துவிட்டாள்.

பொங்கல் லீவில் ஆய்வுக்கான வினாப்பட்டியலோடு வந்து முதலில் உட்கார்ந்தது தன் அப்பாருவிடம். முதல் பக்கத்தில் ஒரு வரைபடம்: மேலே அரசு, கீழே பண்ணையாளர், நடுவில் கீழ்நோக்கி அம்புக்குறிகள். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "இப்படிப் பார்த்தா கொஞ்சம் சரியா இருக்குது" என்றார். பிறகு கேள்விகள். அரசின் இழப்பீட்டுக் கொள்கையில் உங்களுக்கு எந்த அளவு திருப்தி? ஒன்று என்றால் திருப்தி இல்லை, ஐந்து என்றால் முழுத் திருப்தி.

"கோழி செத்துதா, கொன்னாங்களாங்கறதப் பொறுத்து அம்முணி. இதுல மைனஸ் எங்க போடறது?"

"மைனஸெல்லாம் இல்லீங்க அப்பாரு. ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."

"மைனஸ் இல்லாம நாமக்கல்லுல எவனும் உனக்கு ரேட்டுச் சொல்ல மாட்டான்."

அவள் கெட்டிக்காரி. அங்கேயே உட்கார்ந்து ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்தாள்: 'அறிவித்தது', 'கைக்கு வந்தது'. அந்தத் தாளோடு பரமத்தி, மோகனூர் வரை போய் வந்தாள். சொல்ல மாட்டோம் என்றிருந்தவர்கள்கூட அந்த இரண்டாவது கட்டத்தைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, மோர் கொடுத்துப் பேசினார்களாம்.

போன வாரம் திருத்திய வரைவை அனுப்பியிருந்தாள். இரண்டாவது கட்டம் இல்லை. போனில் கேட்டேன். வழிகாட்டி எடுக்கச் சொல்லிவிட்டார் என்றாள். புள்ளிவிவர மென்பொருளில் அந்தக் கட்டத்துக்கு இடம் இல்லையாம்.